தொட்டிப் பாசியும் கடற்பாசியும்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

1. பிரச்சினை

கடலின் ஒரு சிறு கூற்றைக் கண்ணாடித் தொட்டியினுள் பேண முற்படும் எவரும் முதலில் எதிர்கொள்வது பாசியையே. முருகைக்கற்களும் சிறு மீன்களும் நத்தைகளும் கொண்ட தொட்டியொன்று அமைக்கப்பட்டுச் சில வாரங்கள் கழிந்ததும் கல்லின்மீது கபில நிறத் தூள் படிகின்றது. அதன்பின் பச்சை இழைகள் தோன்றுகின்றன. அவை நீண்டு கல்லைப் போர்த்து, முருகை உயிரிக்கு ஒளியும் நீரோட்டமும் கிட்டாதவாறு மறைத்துவிடுகின்றன. சுரண்டி அகற்றினால் இரு வாரங்களில் முன்னிருந்ததிலும் அடர்த்தியாக மீண்டும் வளர்கின்றன. கல்லூரி ஆய்வுகூடமாயினும், விடுதியின் வரவேற்பறையாயினும், வீட்டின் முன்கூடமாயினும் இவ்வனுபவம் பொதுவானது.

இந்நிலையில் வழக்கமாக இரு வழிகள் கைக்கொள்ளப்படுகின்றன. ஒன்று சுரண்டுதல், மற்றையது மருந்திடுதல். இவ்விரண்டும் பாசியைப் புறத்தேயிருந்து வந்த பகையாகக் கொள்கின்றன. ஆனால் பாசியின் விதைத்துணிக்கைகள் எந்தத் தொட்டியிலும் உள்ளவைதாம். அவை ஒரு தொட்டியில் அடங்கிக் கிடப்பதற்கும் இன்னொன்றில் எல்லாவற்றையும் மூடி வளர்வதற்கும் காரணம் அவ்வத் தொட்டியின் நிலைமைகளே ஆகும். இந்நிலைமைகள் யாவை, அவற்றை மாற்றிப் பாசியை எவ்வாறு அகற்றலாம் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும். தொட்டியிற் செயற்படும் அதே நியதி மன்னார்க் கடலின் பார்களில் எவ்வாறு செயற்படுகின்றது என்பதைக் காட்டுவது இரண்டாவது நோக்கமாகும்.

பாசியின் இப்பிடிவாதம் தமிழுக்குப் புதியதன்று. குறுந்தொகையின் 399ஆம் பாடலிற் பரணர் தலைவியின் பசலையை ஊரார் நீருண்ணும் கேணியிற் படர்ந்த பாசியோடு ஒப்பிடுகின்றார். கை படுமிடத்து அகல்வதும் கை நீங்கியதும் பரவுவதும் அவ்வுவமையின் அடிப்படையாகும். நாள்தோறும் நீர் மொள்வோரின் அவதானிப்பிலிருந்தே அது பிறந்திருத்தல் வேண்டும். விலக்கிய பாசி ஏன் மீள்கின்றது என்ற வினாவுக்கு விடை கூறும் வாய்ப்பு இன்றைய அறிவியலால் எமக்குக் கிட்டியுள்ளது.

2. சொற்களும் பொருள்களும்

இலங்கைத் தமிழர் முருகைக்கல் என வழங்குவதைத் தமிழகத்தார் பவளப்பாறை என்பர். மன்னார் மீனவர் வழக்கில் கடலடியிற் கிடக்கும் கற்படுகை ‘பார்’ எனப்படும். அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளுக்கு எதிரே உள்ள முத்துச்சிப்பிப் படுகைகளும் இச்சொல்லாலேயே சுட்டப்பட்டன. ஆங்கிலேய ஆட்சியின் முத்துக்குளிப்பு ஆவணங்களும் இச்சொல்லை அப்படியே எடுத்தாண்டன.

முருகைக்கல் என்பது மிகச் சிறிய விலங்குகள் கூடி அமைத்த சுண்ணக் குடியிருப்பாகும். அவ்விலங்குகளின் இழையத்தினுள்ளே ஒருகல அல்காக்கள் வாழ்கின்றன. அவை ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவின் பெரும்பகுதி விலங்கைச் சேர்கின்றது. விலங்கின் கழிவாகிய நைதரசன், பொசுபரசுச் சேர்வைகள் அல்காவுக்கு உணவாகின்றன. நீர் அளவுகடந்து வெப்பமுறும்போது இவ்வுறவு முறிந்து, அல்காக்கள் வெளியேறக் கல் வெளிறிவிடுகின்றது. ஆகவே முருகைக்கல்லை மூடிக் கொல்வதும் பாசி. உள்ளிருந்து அதனை ஊட்டுவதும் பாசி. பாசியை முற்றாக ஒழித்த கடலில் முருகைக்கல்லும் இராது என்பது தொடக்கத்திலேயே மனங்கொள்ளத்தக்கது.

பாசி என்ற பொதுச்சொல் பல்வேறு உயிர்களைக் குறிப்பதால், தொட்டியில் வளர்ந்திருப்பது எது என்பதை முதலில் இனங்காணல் வேண்டும். புதுத் தொட்டியில் தோன்றும் கபிலத் தூள் பெரும்பாலும் தயற்றம் ஆகும். அது நீரிலுள்ள சிலிக்கேற்றை உண்டு வளர்ந்து, அது தீர்ந்ததும் தானே குறைந்துவிடும். செந்நீலப் போர்வைபோற் படர்ந்து, இழுத்தால் தகடாக உரிந்துவருவது நீலப்பச்சைப் பாசி. அதன் பெயர் பாசியாயினும் அது உண்மையில் பற்றீரியா இனமாகும். மென்மையான பச்சை இழைகள் இழைப்பாசி. இறகு போன்று இருமருங்கும் கிளைத்திருப்பது பிரையோப்சிஸ். உருண்டையான பச்சை மணிகள் வலோனியா எனும் குமிழ்ப்பாசி. பகலில் வளிக்குமிழ்களோடு சளிபோலத் தொங்கி, இரவிற் பெரிதும் குறைந்து காணப்படுவது டைனோபிளாஜெலேற்று. முருகைக்கல்லின் உள்ளே வாழ்ந்து அதனை ஊட்டும் அல்காவும் இவ்விறுதிக் குலத்தையே சார்ந்ததாகும்.

3. பாசி ஏன் மிகுகின்றது?

பாசிக்கு வேண்டியவை ஒளி, நைத்திரேற்று, பொசுபேற்று ஆகிய மூன்றுமே. வெப்பக் கடல்களின் முருகைக்கற் பிரதேசங்களில் இறுதியிற் கூறிய இரண்டும் மிக அரிதாகவே உள்ளன. நைத்திரேற்று பொதுவாக லீற்றருக்கு 1 மில்லிகிறாமிலும் குறைவு. அங்கு கிளிமீன், ஓரா போன்ற மீன்களும் முள்ளெலிகளும் நத்தைகளும் முளைக்கும் பாசியை ஓயாது மேய்கின்றன. தொட்டியில் இவ்விரு கட்டுப்பாடுகளும் தலைகீழாகின்றன. நாளாந்தம் உணவு இடப்படுகின்றது. அது மீன்களின் கழிவாகின்றது. கழிவிலுள்ள அமோனியாவைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. கடலில் இவை பரந்து கரைந்துபோகும். தொட்டியிலோ அவை வெளியேற வழியில்லை. மேயும் உயிர்களும் மிகச் சிலவே.

மன்னார் போன்ற வெப்பமும் காற்றும் மிக்க கரையில் இன்னொரு காரணமும் சேர்கின்றது. தொட்டியிலிருந்து நீர் ஆவியாகின்றதேயன்றி, உப்போ நைத்திரேற்றோ ஆவியாவதில்லை. குறையும் நீரை நன்னீரால் நிரப்புதல் வேண்டும். இந்நன்னீர் பெரும்பாலும் கிணற்று நீராகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்திலும் கற்பிட்டியின் மணல் நிலத்திலும் விவசாய உரமும் மலக்குழிக் கசிவும் கிணற்று நீரில் நைத்திரேற்றை மிகுவித்துள்ளன என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிறாம். இவ்வெல்லைக்கு உட்பட்டதாய், மனிதர் அருந்தத் தக்கதாயுள்ள நீரே ஆயினும் தொட்டியில் அதன் விளைவு என்ன என்பதைக் கணித்துப் பார்க்கலாம். 60 லீற்றர் தொட்டியொன்றில் நாளொன்றுக்கு 1 லீற்றர் ஆவியாகின்றது எனக் கொள்வோம். 30 நாட்களில் 30 லீற்றர் கிணற்று நீர் சேர்க்கப்படும். அதனோடு 1,500 மில்லிகிறாம் நைத்திரேற்றும் சேரும். தொட்டியின் ஒவ்வொரு லீற்றரிலும் அது 25 மில்லிகிறாம் உயர்வைத் தரும். பேணுபவர் மீனுக்கு உணவே இடாவிடினும் பாசிக்கு உரமிட்டவராகிவிடுகின்றார். நஞ்சற்ற நீர் என்பதும் பாசிக்கு உணவற்ற நீர் என்பதும் ஒன்றல்ல.

பொசுபேற்றின் நடத்தை மேலும் சிக்கலானது. சுண்ணக் கற்கள் அதனைத் தம்மிடத்தே பற்றிவைத்துக்கொண்டு, நீரில் அதன் அளவு குறையும்போது சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. எனவே பழைய கற்களைக் கொண்ட தொட்டியில் நீரை மாற்றிய பின்னரும் பாசிக்கு உணவு கிடைத்துக்கொண்டே இருக்கும். மேலும், பாசி அடர்ந்த தொட்டியில் நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் அளந்தாற் பூச்சியம் எனக் காட்டக்கூடும். நீரிற் சேரும் சத்தை உடனுக்குடன் பாசி உறிஞ்சிக்கொள்வதே இதற்குக் காரணம். பரிசோதனைக் குழாயின் பூச்சியத்தை நம்பித் தொட்டியிற் சத்து இல்லையென முடிவுசெய்வோர் தோற்றத்தை உண்மை எனக் கொண்டவராவர். சத்து முழுவதும் பாசியின் உடலாகவே அவர் கண்முன் நிற்கின்றது.

4. அகற்றும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து செயல்முறையின் ஒழுங்கு பெறப்படுகின்றது. முதலிற் கைவேலை, அடுத்துச் சத்தின் வரவைக் குறைத்தல், அடுத்துச் சத்து வெளியேற வழி அமைத்தல், அதன்பின் மேய்வன, மருந்து இறுதியிலேயே. இவ்வொழுங்கை மாற்றினால் ஒவ்வொரு முயற்சியும் மற்றையதை வீணாக்கும்.

கைவேலை இன்றியமையாதது. ஏனெனில், பிடுங்கப்படும் ஒவ்வொரு பிடி பாசியோடும் அது உறிஞ்சிய சத்தும் வெளியேறுகின்றது. ஆயின் தொட்டியினுள்ளேயே சுரண்டி மிதக்கவிடுவது பயனற்றது. மிதக்கும் துணுக்குகள் வேறிடங்களிற் பற்றி வளரும், அழுகும் துணுக்குகள் சத்தை நீருக்குத் திருப்பிக் கொடுக்கும். இயலுமாயின் கல்லை வெளியே எடுத்து, தொட்டி நீர் நிறைந்த வாளியில் வைத்துத் தூரிகையால் தேய்த்து, அந்நீரைக் கொட்டிவிடல் வேண்டும். எடுக்க இயலாதவிடத்து, சிறு குழாயினால் நீரை உறிஞ்சிக்கொண்டே பிடுங்குதல் நன்று. குமிழ்ப்பாசியை உடைக்காது அடியோடு கழற்றவேண்டும்.

வரவைக் குறைத்தலில் முதன்மையானது நிரப்பும் நீராகும். ஆர். ஓ. எனப் பொதுவாக அறியப்படும் முறையிற் சுத்திகரித்த நீர் இன்று வடக்கிலும் பரவலாகக் கிடைக்கின்றது. அதனையே பயன்படுத்தல் வேண்டும். கரையிலிருந்து கடல்நீர் எடுப்போர் ஆற்றுமுகங்களையும் மீன் இறங்குதுறைகளையும் தவிர்த்தல் வேண்டும். மாரியில் அருவியாறு பெருகிப் பாயும் காலத்தில் அதன் முகத்தை அண்டிய கடல்நீர் தொட்டிக்கு உகந்ததன்று. உணவு, மீன்கள் ஓரிரு நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவினதாக இருத்தல் வேண்டும். உறைந்த உணவைக் கழுவி, அதன் நீரை வடித்த பின்னரே இடவேண்டும். தொட்டி யன்னலின் நேர்வெயிலில் இருத்தலாகாது. விளக்கும் நாளுக்கு 8 மணித்தியாலங்கள் அளவில் எரிந்தாற் போதுமானது.

வெளியேற்றும் வழிகளுள் எளியது நீர் மாற்றமாகும். ஆனால் அதன் எல்லையை உணர்தல் வேண்டும். நூற்றுக்குப் பத்து வீதம் நீரை மாற்றினால் நைத்திரேற்று 40 மில்லிகிறாமிலிருந்து 36 ஆகவே குறையும். தொடர்ந்து வாரந்தோறும் செய்தால் மட்டுமே பயன் தெரியும். நீரை நுரைக்கச் செய்து சேதனக் கழிவைப் பிரித்தெடுக்கும் கருவியும், பொசுபேற்றைப் பற்றும் இரும்பொட்சைட்டு மணிகளும் இதற்குத் துணைபுரியும். இவை எல்லாவற்றிலும் கருத்தைக் கவர்வது பாசியைக் கொண்டே பாசியை அடக்கும் முறையாகும். கீட்டோமோர்பா போன்ற பாசியொன்றைத் தனி அறையில், இரவில் விளக்கு எரியவிட்டு வளர்த்து, வளர்ந்த பங்கை வாரந்தோறும் அறுத்து அகற்றுவர். வேண்டாத பாசி உண்ணவிருந்த சத்தை வேண்டிய பாசி உண்டு, அறுவடையாக வெளியேறுகின்றது.

சத்தின் வரவு குறைந்த பின்னரே மேய்வனவற்றைச் சேர்த்தல் பயனளிக்கும். சிறு தொட்டிக்குப் பாசி மேயும் நத்தைகளும் சிறிய முள்ளெலியொன்றும் போதுமானவை. ஓரா முதலிய மேய்ச்சல் மீன்கள் கடலிற் சிறந்த மேய்ப்பன்களாயினும் சிறு தொட்டியின் இடம் அவற்றுக்குப் போதாது. இடநெருக்கடியில் அவை நலிவதோடு தம் கழிவால் சத்தையும் கூட்டும். மேய்வன இளம் முளைகளையே விரும்புவதால், நீண்ட பாசியைக் கையால் அகற்றிய பின்னரே அவை பணியைத் தொடரும்.

மருந்துகளின் இடம் குறுகியது. கல்லை வெளியே எடுத்து, மூன்று வீத ஐதரசன் பேரொட்சைட்டைப் பாசிமீது தடவிச் சில நிமிடங்களில் அலம்பினால் இழைப்பாசி வெளிறி மடியும். முருகை உயிரியின்மேல் அது படலாகாது. புளுக்கொனசோல் எனும் பங்கசு எதிர் மருந்து, லீற்றருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிறாம் அளவில், பிரையோப்சிஸை இரண்டு மூன்று வாரங்களில் அழிப்பதைத் தொட்டி பேணுவோர் பலர் கண்டுள்ளனர். ஆயினும் மடிந்த பாசியின் சத்து நீருக்கே திரும்புவதால், முன்கூறிய மாற்றங்கள் செய்யப்படாத தொட்டியில் மருந்து ஒரு பாசியின் இடத்தை இன்னொரு பாசிக்கு ஒழித்துக் கொடுப்பதோடு அமையும்.

இவ்விடத்து எதிர்த்திசைத் தவறொன்றையும் சுட்டுதல் தகும். பாசியின்மீது கொண்ட வெறுப்பினால் நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் முற்றாகப் பூச்சியமாக்குவோர் உளர். சத்து அறவே அற்ற தொட்டியில் மற்றைய பாசிகளும் பற்றீரியாக்களும் நலிய, போட்டியின்றி டைனோபிளாஜெலேற்று பெருகுகின்றது. முருகைக்கல்லும் தன் அக அல்காக்கள் பட்டினியுற வெளிறுகின்றது. இந்நிலையைத் திருத்தச் சத்தைச் சிறிது கூட்டவேண்டியிருக்கும். நைத்திரேற்று லீற்றருக்கு 2 முதல் 10 மில்லிகிறாம், பொசுபேற்று 0.03 முதல் 0.1 மில்லிகிறாம் என்ற அளவுகள் அனுபவத்திற் பொருத்தமானவை எனக் கொள்ளப்படுகின்றன. இம்மாற்றங்களின் பயன் தெரியச் சில மாதங்கள் ஆகும். கல்லிற் படிந்த பொசுபேற்று வெளியேறும் காலம் அது.

5. தொட்டிக்கு வெளியே

தொட்டியிற் கண்ட இந்நியதியைக் கடலில் மிகத் தெளிவாகக் காட்டியது யமேக்கா ஆகும். 1994இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ரெரன்ஸ் ஹியூஸ் வெளியிட்ட ஆய்வின்படி, 1970களின் பிற்பகுதியிலிருந்து 1990களின் தொடக்கம் வரையான காலத்துள் அத்தீவைச் சூழ்ந்த முருகைக்கற் பரப்பு 52 வீதத்திலிருந்து 3 வீதமாக வீழ்ந்தது. பெரும்பாசிகளின் பரப்பு 4 வீதத்திலிருந்து 92 வீதமாக உயர்ந்தது. பாசி மேயும் மீன்கள் நெடுங்காலமாகவே அளவுமீறிப் பிடிக்கப்பட்டிருந்தன. 1980இல் அலன் புயல் முருகைக்கற்களை நொறுக்கியது. மேய்ச்சலின் முழுச் சுமையும் கரிய முள்ளெலி ஒன்றையே சார்ந்திருந்த நிலையில், 1983இல் நோயொன்று அதனைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. அதுவரை மறைந்திருந்த முரண்பாடு சில மாதங்களில் வெளிப்பட்டது. நோய் உடனடிக் காரணம். பல தலைமுறை மீன்பிடியின் போக்கே அடிப்படைக் காரணம்.

மன்னார்க் குடாவின் இலங்கைக் கரையிலும் இதற்கான கூறுகள் அனைத்தும் காணப்படுகின்றன. குடாவின் தெற்கே, கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார்களில் 1998ஆம், 2016ஆம் ஆண்டுகளின் கடல் வெப்பம் முருகைக்கற்களைப் பெருமளவில் வெளிறச் செய்து கொன்றது. இறந்த கல் பாசிக்கு வாய்ப்பான தளம். அதில் மீண்டும் முருகை தளிர்க்குமா, பாசி நிலைக்குமா என்பதை மேய்ச்சலும் சத்துமே தீர்மானிக்கின்றன. சட்டவிரோதமாக வெடிவைத்து மீன்பிடித்தலும் அடிமட்ட இழுவைமடியும் மேய்வனவற்றையும் கல்லையும் ஒருங்கே அழிக்கின்றன. அடிமட்ட இழுவைமடி இலங்கையில் 2017இற் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. எனினும் அது ஓய்ந்தபாடில்லை. சத்தின் வரவைப் பொறுத்தவரை, கட்டுக்கரைக்குளத்தின் கீழான வயல்களின் உரமும் அருவியாறு சுமந்துவரும் உரமும் சென்று சேருமிடம் இக்குடாவேயாகும். 60 லீற்றர் தொட்டியின் கிணற்று நீரில் நாம் கண்ட கணக்கு இங்கு பேரளவில் நிகழ்கின்றது.

6. குருசடைத் தீவின் பாடம்

குடாவின் மறுகரையில் நிகழ்ந்தது இன்னும் நேரடியான உதாரணமாகும். கப்பாபைக்கஸ் எனும் செம்பாசி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களுக்கு உரியது. ஐஸ்கிறீம், பற்பசை முதலியவற்றைத் தடிப்பாக்கும் கராஜீனன் அதிலிருந்து பெறப்படுகின்றது. 1990களின் நடுப்பகுதியில் இந்தியாவின் மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் மண்டபக் கரையில் இதன் பயிர்ச்செய்கையைப் பரிசோதித்தது. 2000ஆம் ஆண்டை அண்டிப் பெப்சி நிறுவனம் வணிக அளவிற் செய்கையைத் தொடங்கியது. உள்ளூர்ப் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் மிதவைகளிற் பயிரிட்டுக் கொடுத்தன. அண்மையிலேயே 1986இல் அமைக்கப்பட்ட, 21 தீவுகளைக் கொண்ட மன்னார்க் குடாக் கடற் தேசிய பூங்கா இருந்தது. 2008இல் ‘கறன்ற் சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியான ஆய்வு, பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் முருகைக்கற்களை இப்பாசி போர்த்து வளர்வதை அறிவித்தது. பரவல் சிறு பரப்பிலேயே உள்ளதென்றும் கட்டுப்படுத்தத் தக்கதென்றும் செய்கையை ஆதரித்த விஞ்ஞானிகள் வாதிட்டனர். இதற்கிடையில் வனத்துறை உள்ளூர் மக்களைக் கொண்டு பாசியைக் கையாற் பிடுங்குவித்தது. கல்லில் எஞ்சிய சிறு திசுவிலிருந்து அது மீளவும் தளிர்த்தது. துணுக்கிலிருந்து முழுத் தாவரமாகும் இயல்பே இதனைச் சிறந்த பயிராக்கியது. அதே இயல்பே இதனை ஒழிக்கவியலாத களையுமாக்கியது.

ஹவாயிலும் இதுவே நிகழ்ந்தது. 1974இல் கனேயோஹே விரிகுடாவில் இவ்வகைப் பாசி ஆராய்ச்சிக்காக இடப்பட்டது; பின்னர் பார் பாராகப் பரவியது. பிடுங்கியும் உறிஞ்சு பம்பிகளால் இழுத்தும் அகற்றியபோது அது திரும்பத் திரும்ப வளர்ந்தது. 2011 முதல், பாசியை அகற்றிய பார்களில், பொரிப்பகத்தில் வளர்த்த உள்நாட்டு முள்ளெலிகளையும் விட்டனர். அவை எஞ்சிய துளிர்களை மேய்ந்ததனால் பரவல் கட்டுக்குள் வந்தது. முதலிற் கை, பின்னர் மேய்ச்சல் என்று நாம் தொட்டிக்குக் கூறிய அதே ஒழுங்கு இது.

குருசடையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. அண்மைக் காலத்தில் வட மாகாணக் கரைகளிலும், குறிப்பாகக் கிளிநொச்சி மாவட்டத்து வலைப்பாட்டில், இப்பாசி பயிரிடப்பட்டு வருகின்றது. போரினால் வலையும் படகும் இழந்த குடும்பங்களுக்கு, அவர்களுள்ளும் பெண்களுக்கு, இது கையிற் காசு தரும் தொழில். இதனை மேசையிலிருந்து மறுப்பது எளிது. மறுப்போர் அக்குடும்பங்களின் வருவாய்க்கு மாற்றுக் கூறவும் கடமைப்பட்டவராவர். எமது வினா வேறு. பயிரின் இலாபம் கராஜீனன் வாணிபத்தைச் சேர, பரவிய பாசியைப் பிடுங்கும் வேலையும் மீனற்ற பாரும் கரையோர மக்களைச் சேர்வதாயின், அச்செய்கை எங்கு, எந்தப் பாரிலிருந்து எத்தனை தூரத்தில் அமைய வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உரியது? இராமநாதபுரக் கரையில் இயற்கைப் பாசி சேகரிக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே சேகரிப்பதென்றும் கல்லைச் சுரண்டும் உலோகக் கருவிகளைத் தவிர்ப்பதென்றும் தமக்குள்ளே ஒழுங்கு வகுத்துக்கொண்டனர். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை எனப் பாசிகளைப் பெயரிட்டு அறிந்த அவர்களின் அறிவு, திட்டம் வகுக்கும் அவைகளில் இடம்பெறுதல் வேண்டும்.

7. தொட்டி பேணுவோரின் பொறுப்பு

சிறு தொட்டி பெருங்கடலை என்ன செய்துவிடும் என்று எண்ணுதல் தவறு. 1984இல் மொனாக்கோவின் கடலியல் நூதனசாலைக்குக் கீழேயுள்ள கடலில், தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட கோலர்ப்பா எனும் பச்சைப் பாசி ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் பரப்பிற் காணப்பட்டது. பின்னர் அது மத்தியதரைக் கடலின் பல நாட்டுக் கரைகளுக்கும் பரவியது. அதே பாசி 2000இல் கலிபோர்னியாவின் கடனீரேரியொன்றிற் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதனைத் தார்ப்பாயால் மூடி உள்ளே குளோரீன் செலுத்தினர். முற்றாக ஒழிந்ததென 2006இல் அறிவிப்பதற்குள் எழுபது இலட்சம் டொலருக்கு மேற் செலவாயிற்று. தொடக்கத்திலேயே கண்டு முழுப் பரப்பையும் ஒருங்கே தாக்கியதால் மட்டுமே அது கைகூடியது. மத்தியதரைக் கடலில் அவ்வாய்ப்பு அதற்கு முன்னரே கைநழுவியிருந்தது.

எனவே மன்னார்க் கரையில் தொட்டி பேணுவோர் சில நெறிகளைக் கட்டாயமாகக் கொள்ளல் வேண்டும். பிடுங்கிய பாசியைக் கடலிலோ களப்பிலோ வாய்க்காலிலோ இடலாகாது. வெயிலில் நன்கு உலர்த்தி மண்ணிற் புதைத்தல் வேண்டும். உலர்ந்த பாசி தென்னைக்கு நல்ல பசளையாகும். தொட்டியின் கழிவுநீரையும் கடலுக்குத் திருப்பாது உலர்நிலத்தில் ஊற்றல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த கல், நத்தை, முள்ளெலி எதனையும், தொட்டி கலைக்கப்படும்போதுகூட, கடலில் விடலாகாது. தொட்டிக்கென உயிர் முருகைக்கல்லைப் பாரிலிருந்து பெயர்த்தெடுப்பது இலங்கையிற் சட்டத்தால் தடுக்கப்பட்டது. பாசியால் மூடி ஒரு தொட்டியில் மடியும் கல்லுக்குப் பதிலாக இன்னொன்றைப் பெயர்ப்பது, தொட்டியின் குறையைப் பாரின்மீது சுமத்துவதாகும்.

பள்ளிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் தம் தொட்டியருகே ஒரு குறிப்பேட்டை வைத்து, இட்ட உணவு, சேர்த்த நீர், அளந்த நைத்திரேற்று, பிடுங்கிய பாசியின் நிறை ஆகியவற்றை வாரந்தோறும் பதிவது நன்று. அதே மாணவர் தம் ஊர்க் கிணறுகளின் நைத்திரேற்றையும் மாரிக்கு முன்னும் பின்னும் அளந்து பதிவாராயின், தொட்டியின் பாசிக்கும் வயலின் உரத்துக்கும் பாரின் நிலைக்கும் இடையிலான தொடர்பு மன்னாரின் சொந்த எண்களில் வெளிப்படும். அத்தகைய பதிவுகள் கரையோர மீனவர் சங்கங்களின் கையிலும் இருக்குமாயின், பாசி வளர்ப்பு எங்கு அமையலாம், எங்கு கூடாது என்று உரைக்க அவர்களுக்கு வேறு சான்று வேண்டியிராது.